ஆசிரியர்களுக்குக் கார் நிறுத்தம்: ஜல்லி கொட்டும் முன் பழைய வரைபடத்தை எடுங்கள்

ஏப்ரல் கடைசியில் தேர்வுகள் முடிந்ததும் எனக்கு வருகிற தொலைபேசி அழைப்புகளில் ஒன்றாவது இப்படி இருக்கும்: "சார், ஸ்டாஃப் காரெல்லாம் ரோட்டுலயே நிக்குது. எதிர்வீட்டுக்காரங்க தினமும் சண்டைக்கு வர்றாங்க. கிரவுண்டுல ஒரு ஓரமா பேவர் பிளாக் போட்டு ஷெட் இறக்கிடலாம்னு இருக்கோம். வெறும் தரைதானே, இதுக்கெல்லாம் பிளான் அப்ரூவல் வேணுமா?" பேசுபவர் பள்ளியின் கரஸ்பாண்டன்ட். பின்னால் ஜேசிபி சத்தம் கேட்கும். என்னிடம் கேட்பதற்குள் வேலை ஆரம்பமாகிவிட்டது என்று அர்த்தம்.

சென்னையில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பள்ளிக் கட்டடங்களுக்கு வரைபடம் போட்டு, அனுமதிக்கு விண்ணப்பித்து வருகிறேன். அந்தக் கேள்விக்கு என் பதில்: பெரும்பாலும் வேண்டும். உடைந்த நடைபாதையைச் செப்பனிடுவது வேறு, விளையாட்டுத் திடலைக் கார் நிறுத்தமாக்குவது வேறு. 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 'அபிவிருத்தி' என்ற சொல்லுக்குள் கட்டடம் கட்டுவது மட்டும் வரவில்லை. நிலத்தின் மேலும் அடியிலும் செய்கிற பொறியியல் வேலைகளும், நிலத்தின் பயன்பாட்டில் குறிப்பிடத்தக்க மாற்றம் செய்வதும் வருகின்றன. மேலே தகரக் கூரை இறக்கினால் கேள்விக்கே இடமில்லை. அனுமதி இல்லாமல் செய்ததை அகற்றச் சொல்ல அந்தச் சட்டத்தின் 56-ஆவது பிரிவிலும், நடக்கிற வேலையை நிறுத்தச் சொல்ல 57-ஆவது பிரிவிலும் அதிகாரம் இருக்கிறது.

சிலர் 2024-இல் வந்த சுயசான்றுத் திட்டத்தைக் காட்டி, "இப்பதான் ஆன்லைன்ல உடனே கிடைக்குதே" என்பார்கள். அது 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் கட்டும் வீடுகளுக்கானது. பள்ளிக்குப் பொருந்தாது.

பல கரஸ்பாண்டன்ட்கள் விண்ணப்பிக்கத் தயங்குவதற்குக் காரணம் செலவோ அலைச்சலோ இல்லை என்பதை அனுபவத்தில் தெரிந்துகொண்டேன். கார் நிறுத்தத்துக்கு என்று போனால், மொத்த வளாகத்தின் வரைபடத்தையும் வைக்க வேண்டும். அப்போது பழைய கணக்கெல்லாம் வெளியே வரும். தொண்ணூறுகளில் வாங்கிய அனுமதியில் தரைத்தளமும் முதல் தளமும்தான் இருக்கும். இன்று அதே இடத்தில் மொட்டை மாடியில் ஒரு கூடம், பின்பக்கம், விதிப்படி காலியாக விட வேண்டிய செட்பேக்கில் ஒரு கழிப்பறை வரிசை, பக்கவாட்டில் ஒரு கேண்டீன். யாரும் கெட்ட எண்ணத்தில் கட்டியதில்லை. பிள்ளைகள் கூடினார்கள், அறைகளும் கூடின. ஆனால் காகிதத்தில் அவை இல்லை.

அப்படி ஒரு பள்ளி மேற்குச் சென்னைப் பக்கம் என்னைக் கூப்பிட்டபோது, எல்லாம் நடந்து முடிந்திருந்தது. முன்பக்க மண் திடலில் பாதியைக் கான்கிரீட் போட்டு மூடி, மதில் சுவரை ஒட்டியே ஷெட் போட்டிருந்தார்கள். அந்தப் பகுதியில் அடியில் முழுக்கக் களிமண். நவம்பர் மழையில் கான்கிரீட்டில் விழுந்த தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. மதிலுக்கு அடியில் பழைய செங்கல் இடுக்குகள் வழியாகப் பக்கத்து வீட்டுக் கார் போர்டிகோவில் இறங்கியது. அந்த வீட்டம்மா எனக்கு ஒன்றைக் காட்டினார். பூஜை அறையின் மரக்கதவு அடிப்பக்கம் ஒரு சாண் உயரத்துக்கு ஊறி, கோலப்பொடி டப்பா வைத்திருந்த பலகையோடு சேர்ந்து உப்பியிருந்தது. "நாலு தடவை வாட்ச்மேன்கிட்ட சொன்னேன்பா, ஸ்கூல்ல யாரும் வந்து எட்டிப் பாக்கல" என்றார். ஐந்தாவது தடவை அவர் மாநகராட்சிக்கு எழுதினார். ஆய்வுக்கு வந்தவர்கள் அனுமதி பெற்ற வரைபடத்தைக் கேட்டார்கள். ஷெட்டோடு சேர்த்து மேல்மாடிக் கூடமும் அறிவிப்பில் ஏறியது.

சரி, வேறு என்ன செய்திருக்கலாம்? ஷெட் போடுவதற்கு முன்பே வளாகம் முழுவதையும் அளந்து, உள்ளது உள்ளபடி ஒரு வரைபடம் தயாரித்திருக்கலாம். அதை அனுமதி வரைபடத்தோடு ஒப்பிட்டு, எதை விதிக்குள் கொண்டுவர முடியும், எதை இடித்தே ஆக வேண்டும் என்று முதலில் தெரிந்துகொண்டிருக்கலாம். இந்த வேலையைத் தாமாக முன்வந்து செய்கிற பள்ளிக்கும், புகார் வந்தபின் செய்கிற பள்ளிக்கும் அலுவலகத்தில் கிடைக்கிற காது ஒன்றாக இருப்பதில்லை.

அடுத்து, இடக் கணக்கு. சென்னையில் நிலத்தை நாம் கிரவுண்டில்தான் பேசுகிறோம். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி, ஏறக்குறைய 223 சதுர மீட்டர். ஒரு கார் நிற்க விதிப்படி 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம், அதாவது 12.5 சதுர மீட்டர். 223-ஐ அதால் வகுத்து "பதினேழு கார் நிக்கும் சார்" என்று கணக்குப் போடுகிறார்கள். நிற்கும், ஆனால் வெளியே வர முடியாது. நேர்க்குத்தாக நிறுத்திய காரைப் பின்னுக்கு எடுத்துத் திருப்ப, நடுவில் ஏறக்குறைய 6 மீட்டர் பாதை விட வேண்டும். அதையும் சேர்த்தால் ஒரு காருக்கு 25 சதுர மீட்டர் போகும். ஒரு கிரவுண்டில் எட்டு அல்லது ஒன்பது கார், அவ்வளவுதான். மாற்றுத்திறனாளிகளுக்கான இரண்டு இடங்களை 3.6 மீட்டர் அகலத்தில், கட்டட வாசலிலிருந்து 30 மீட்டருக்குள் விட்டால் இன்னும் குறையும். அந்த இரண்டை மட்டும் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து பணிக்குத் திரும்பிய கணக்கு ஆசிரியை ஒருவர், கார் நிறுத்த இடமில்லாமல் தெருமுனையில் இறங்கி ஊன்றுகோலோடு நடந்து வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு கிரவுண்டு விளையாட்டு இடத்தை எட்டு காருக்குக் கொடுப்பதா என்று நிர்வாகத்திடம் நான் கேட்காமல் இருந்ததில்லை. கல்வி உரிமைச் சட்டம், 2009 தன் அட்டவணையிலேயே பள்ளிக்கு விளையாட்டுத் திடல் வேண்டும் என்கிறது. நம் பள்ளிகளில் ஆசிரியர்கள் பெரும்பாலும் ஸ்கூட்டியில்தான் வருகிறார்கள். இரு சக்கர வாகனத்துக்கு 1 மீட்டருக்கு 1.8 மீட்டர் போதும். அதே கிரவுண்டில், பாதை போக ஐம்பது வண்டிகளைத் தாராளமாக நிறுத்தலாம். எத்தனை பேர் எதில் வருகிறார்கள் என்று ஒரு வாரம் வாட்ச்மேனிடம் நோட்டுக் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். காருக்கென்று நினைத்த இடத்தில் பாதி, வண்டி ஸ்டாண்டாக மாறிவிடும்.

ஆனால் நான் சொல்லவந்த முக்கியமான விஷயம் இடக் கணக்கில்கூட இல்லை. 2022 மார்ச்சில் சென்னை ஆழ்வார்திருநகரில், பள்ளி வளாகத்துக்குள்ளேயே, பின்னோக்கி எடுத்த பள்ளி வேனில் சிக்கி இரண்டாம் வகுப்புச் சிறுவன் இறந்தான். வண்டியிலிருந்து இறங்கியவன், மறந்ததை எடுக்கத் திரும்பி வந்திருக்கிறான். சாலையில் நடந்த விபத்து இல்லை அது. கேட்டுக்கு உள்ளே, பெற்றோர் 'இனிப் பயமில்லை' என்று நினைக்கிற இடத்தில் நடந்தது. அதன் பிறகு பள்ளி வாகனங்களில் கேமராவும் சென்சாரும் கட்டாயமாக்கப்பட்டன. ஆசிரியர்களின் சொந்தக் கார்களுக்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. ஸ்டாஃப் பார்க்கிங் வரைபடத்தை விரிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சம்பவம் நினைவுக்கு வராமல் இருந்ததில்லை.

ஒரு பள்ளியில் வரைபடம் போடுவதற்கு முன், காலை ஏழரையிலிருந்து எட்டரை வரை கேட்டருகே நின்று பார்த்தேன். ஏழே முக்கால் வரை அமைதி. அப்புறம் ஒரே சமயத்தில் எல்லாம். ஆட்டோவிலிருந்து ஆறு பிள்ளைகள் இறங்குகிறார்கள், அப்பாவின் பைக்கிலிருந்து ஒருத்தி குதிக்கிறாள், நடுவில் ஒரு ஆசிரியை காரை உள்ளே கொண்டுவந்து, இடம் கிடைக்காமல் பின்னுக்கு எடுக்கிறார். கண்ணாடியில் எல்லாம் பார்த்துத்தான் எடுக்கிறார். ஆனால் காருக்குப் பின்னால் எல்.கே.ஜி. பையன் ஒருவன் குனிந்து, கழன்ற ஷூவின் வெல்க்ரோ பட்டையை ஒட்டிக்கொண்டிருக்கிறான். குனிந்த பிள்ளையின் உயரம் பம்பர் அளவுகூட இல்லை. வாட்ச்மேன் ஓடிப்போய் டிக்கியில் இரண்டு தட்டுத் தட்டினார். கார் நின்றது. பையனுக்கு எதுவும் தெரியாது, பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டான்.

அன்றே முதலில் போட்டிருந்த வரைபடத்தைத் தூக்கிப் போட்டேன். புதியதில் முதல் கோடாக வரைந்தது, பிள்ளைகள் கேட்டிலிருந்து வகுப்புக்கு நடக்கும் பாதை. அந்தப் பாதையைக் கார் எங்கும் கடக்கக் கூடாது என்பதை விதியாக வைத்துக்கொண்டேன். அதனால் கார்களுக்குப் பக்கத்துத் தெருவில் தனி கேட் தேவைப்பட்டது. அந்த கேட்டைத் தெருமுனையிலிருந்து தள்ளி வைத்தோம். முனையில் வைத்தால், திரும்புகிற வண்டிக்கு உள்ளிருந்து வருகிற கார் கண்ணில் படாது. கார்களைத் தலைமாற்றி, முன்பக்கம் வெளியே பார்க்க நிறுத்தச் சொன்னோம். காலையில் பிள்ளைகள் வருவதற்கு முன்பே, பின்னுக்கு எடுக்கிற வேலை முடிந்துவிடும். மாலையில் முன்னோக்கி வெளியே போகலாம்.

தீயணைப்பு வண்டியையும் மறக்காதீர்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்தோம். கீற்றுக் கூரையும் குறுகிய வழியும் என்ன செய்யும் என்று அன்று பார்த்தோம். நிழல் வேண்டும் என்று கார்களுக்குக்கூடப் பள்ளிக்குள் கீற்றுக் கொட்டகை போடாதீர்கள். கட்டடத்தைச் சுற்றியுள்ள செட்பேக் காலியாகக் கிடக்கிறதே என்று கார்களை வரிசையாக நிறுத்திவிட்டால், அவசரத்தில் தண்ணீர் வண்டி எந்தப் பக்கம் நுழையும்? பள்ளி அங்கீகாரம் புதுப்பிக்கும்போது தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, கட்டட உறுதிச் சான்று, வட்டாட்சியர் தருகிற கட்டட உரிமம், சுகாதாரச் சான்று எல்லாம் கேட்கப்படும். செட்பேக்கில் நிற்கிற ஷெட் இந்த வரிசையில் எங்காவது ஓரிடத்தில் இடறும்.

மழைநீருக்கு வருகிறேன். ஒரு கிரவுண்டு தளத்தில் ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் 22,000 லிட்டருக்கு மேல் தண்ணீர் சேரும். 12,000 லிட்டர் டேங்கர் லாரிகள் இரண்டைக் கவிழ்த்துவிட்ட மாதிரி. சென்னையில் வடகிழக்குப் பருவமழையில் 10 சென்டிமீட்டர் அதிசயமே இல்லை. மழைநீர் சேகரிப்பு 2003-லிருந்து கட்டாயம், ஆனால் கூரைத் தண்ணீருக்கு மட்டும் குழாய் போட்டுவிட்டுத் தரையை மறந்துவிடுகிறோம். திருவான்மியூர், பெசன்ட் நகர் மாதிரி மணல் பகுதியில் கசிவுநீர்க் குழி அருமையாக வேலை செய்யும். களிமண் பகுதியில் மேலே குழி மட்டும் தோண்டினால் அது குட்டையாகத்தான் நிற்கும். மணல் அடுக்கைத் தொடுகிற வரை துளை போட்டு ஆழப்படுத்த வேண்டும். பேவர் பிளாக் போட்டால் தண்ணீர் இறங்கும் என்பது பாதி உண்மை. அடியில் கான்கிரீட் படுகை போட்டுவிட்டு மேலே பேவர் பதித்தால் ஒரு சொட்டும் இறங்காது. கார் நிற்கும் இடத்தில் புல் முளைக்கிற துளைக் கற்களைப் பதித்து, ஓடும் பாதையை மட்டும் கெட்டியாகப் போடுங்கள். திடலில் வேப்பமரமோ தூங்குமூஞ்சியோ இருந்தால் ஷெட்டே வேண்டாம், அதன் நிழலிலேயே இரண்டு மூன்று கார் நிற்கும். மரத்தடியில் மண்ணை மட்டும் அடைத்துவிடாதீர்கள்.

பக்கத்து மனையை வாங்கி அங்கே நிறுத்தலாம் என்றால், அந்த மனைக்குச் சென்னையின் முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) என்ன நிலப் பயன்பாடு என்று முதலில் பாருங்கள். 2008-இல் நடைமுறைக்கு வந்த இரண்டாவது முழுமைத் திட்டத்தில் சர்வே எண்ணை வைத்து அதைக் கண்டுபிடிக்கலாம். பெரிய வளாகங்களில் ஓ.எஸ்.ஆர். என்று உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுத்த திறந்தவெளி இருக்கும். அது இப்போது பள்ளியின் நிலம் இல்லை, அங்கே கார் நிறுத்த முடியாது.

நடைமுறை சிக்கலில்லை. பத்திரம், பட்டா அல்லது டி.எஸ்.எல்.ஆர். (நகர நில அளவைப் பதிவேடு) நகல், பழைய அனுமதி வரைபடம், புதிய வரைபடம் ஆகியவற்றோடு ஒற்றைச் சாளர இணையதளத்தில் பதிவு பெற்ற கட்டடக் கலைஞரோ பொறியாளரோ வழியாக விண்ணப்பிக்கலாம். கட்டடத்தின் அளவைப் பொறுத்துக் கோப்பு சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்திடமோ (சி.எம்.டி.ஏ.) மாநகராட்சியிடமோ போகும். சி.எம்.டி.ஏ. திட்ட அனுமதி தந்தாலும், அதன் பிறகு உள்ளாட்சியின் கட்டட அனுமதியும் வந்த பிறகுதான் வேலையைத் தொடங்க வேண்டும். விதிகள் 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் இருக்கின்றன. பிறகு திருத்தங்களும் வந்துள்ளன, விண்ணப்பிக்கிற நாளில் எது நடப்பில் இருக்கிறது என்று உங்கள் கட்டடக் கலைஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கோடை விடுமுறையில் வேலை முடிய வேண்டும் என்றால் பொங்கல் முடிந்த கையோடு அளவெடுக்கக் கூப்பிடுங்கள். அதற்கு முன், அலுவலகப் பீரோவில் அந்தப் பழைய வரைபடம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பூச்சி அரித்திருந்தாலும் பரவாயில்லை, அனுமதி எண் தெரிகிறதா என்று பாருங்கள். அந்த எண் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.