பேரீச்சம்பழ வாசனையும் கழுத்துக் கருமையும்

பழைய வண்ணாரப்பேட்டையில் தோல் மருத்துவம் பார்க்கும் எனக்குச் செண்ட் பாட்டிலைக் கண்டால் நோயாளிகளின் கழுத்துதான் முதலில் நினைவுக்கு வரும். அப்படிப்பட்ட நானே சென்ற மார்கழியில் மண்ணடியில் ஒரு செண்ட் கடையில் காகிதப் பட்டையை முகர்ந்துகொண்டு கால்மணி நேரம் நின்றேன். என் அக்காள் மகன் பிடிவாதமாக இழுத்துச் சென்ற கடை அது. துபாயின் லத்தாஃபா நிறுவனம் 2022-இல் வெளியிட்ட ‘கம்ரா’ என்ற செண்ட். பட்டையும் ஜாதிக்காயும் முதலில் எழும்பி, பின்னால் பாகில் ஊறிய பேரீச்சம்பழமாக மாறி, கடைசியில் வெனிலாவும் சாம்பிராணியும் கலந்த இனிப்பாகத் தங்கியது. தீபாவளிக்கு முதல் நாள் அதிரசம் சுடும் வீட்டைக் கடந்து போவதைப் போலிருந்தது. நூறு மில்லி, மூவாயிரம் ரூபாய்க்குள். வாங்கிவிட்டேன்.

தின்பண்டத்தை நினைவூட்டும் இந்த வகையைக் கூர்மாண்ட் என்பார்கள். 1992-இல் வந்த மூக்லரின் ‘ஏஞ்சல்’ என்ற செண்ட்டில், பஞ்சுமிட்டாய் வாசனை தரும் எத்தில் மால்ட்டால் என்ற வேதிப்பொருளைத் தாராளமாகச் சேர்த்ததிலிருந்து இந்த வகை பரவியதாகச் சொல்வது வழக்கம். ஐரோப்பிய நிறுவனங்கள் பல்லாயிரம் ரூபாய்க்கு விற்ற இந்த இனிப்பை வளைகுடா நிறுவனங்கள் எட்டும் விலைக்குக் கொண்டுவந்துவிட்டதால், பர்மா பஜாரிலிருந்து எம்.சி. ரோடு வரை இப்போது இதே வாசனைதான். விலை குறைவு என்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை; தோலுக்கு விலைப்பட்டியல் தெரியாது. ‘சாப்பிடுகிற பொருளின் வாசனைதானே, உடம்புக்கு என்ன செய்யப் போகிறது’ என்ற நினைப்பைத்தான் வாரந்தோறும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஜவுளிக் கடையில் வேலை செய்யும் ஒரு பெண் சில மாதங்களுக்கு முன் வந்தார். காதுக்குக் கீழிருந்து கழுத்தின் இருபக்கமும், மை வழிந்தது போலக் கருமை. கவரிங் செயினால் வந்தது என்று நினைத்துச் செயினைக் கழற்றிவிட்டு, மருந்துக் கடையில் தாமாகவே கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு களிம்பை ஆறு வாரம் தடவியிருந்தார். செயின் ஒவ்வாமை பெரும்பாலும் கழுத்தைச் சுற்றி வளையமாக விழும். வழிந்த கோடுகளாகவும், காது மடலுக்குப் பின்னும், மணிக்கட்டின் உட்புறத்திலும் சேர்ந்து காணப்பட்டால் செண்ட்டைத்தான் கேட்க வேண்டும். கேட்டேன். “அஞ்சு வருஷமா செண்ட் போடுறேன் டாக்டர், ஒண்ணும் ஆனதில்லையே” என்றார். தோல் ஒவ்வாமையின் குணமே அதுதான். பல ஆண்டுகள் பேசாமல் இருந்துவிட்டு ஒரு நாள் உடல் அந்தப் பொருளை அடையாளம் வைத்துக்கொள்ளும். அதன்பின் அந்த அடையாளம் பெரும்பாலும் அழியாது. நம் நிறத்தில் சிவப்பும் அரிப்பும் வெளியே தெரியாமலேயே நேராகக் கருமையாக வெளிப்படுவதும் உண்டு என்பதால், பலர் அதை வெயில் என்றோ மங்கு என்றோ நினைத்து விட்டுவிடுகிறார்கள்.

அவருக்கு பாட்ச் டெஸ்ட் செய்தோம். சந்தேகப் பொருள்களைச் சிறு சிறு கிண்ணங்களில் வைத்து முதுகில் பிளாஸ்டர் போட்டு ஒட்டி, 48 மணி நேரம் முதுகு நனையாமல் இருந்து, பிரித்தவுடன் ஒருமுறையும் ஓரிரு நாள் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும். (சித்திரை வைகாசியில் நம்மூர் வியர்வைக்கு பிளாஸ்டர் ஒரு இரவுகூடத் தாங்காது, முடிந்தவர்களை மார்கழி, தை வரை காத்திருக்கச் சொல்கிறேன்.) வாசனைப் பொருள்களுக்கென வைத்த எட்டுப் பொருள் கலவையின் இடத்தில் சிவந்து தடித்திருந்தது. அந்த எட்டில் பட்டையின் மணத்துக்குக் காரணமான சின்னமால்டிஹைடும், கிராம்பின் மணமான யூஜினாலும் இருக்கின்றன. கூர்மாண்ட் வகையில் இனிப்புக்குத் துணையாக அடிக்கடி சேர்வதும் இந்தச் சமையலறை மணங்கள்தாம். பிரியாணியில் போடும் பட்டை வயிற்றுக்குப் போவது வேறு, அதன் சாரம் ஆல்கஹாலில் கரைந்து வியர்த்த தோலில் நாள் முழுதும் கிடப்பது வேறு.

ஆல்கஹால் இல்லாத அத்தருக்கு மாறிவிட்டேன் என்று சிலர் நிம்மதியாகச் சொல்கிறார்கள். ஒவ்வாமையைத் தருவது பெரும்பாலும் வாசனைப் பொருளே. ஸ்ப்ரே செண்ட்டில் நூற்றுக்கு இருபது பங்கு அளவில் இருக்கும் அது, அத்தரில் இன்னும் அடர்த்தியாகவே இருக்கும். அட்டையைப் படிப்பது அதைவிடப் பயன் தரும். ஐரோப்பிய ஒன்றியம் 26 வாசனைப் பொருள்களைப் பெயர் சொல்லி அச்சிட வேண்டும் என்று வைத்திருந்த விதியை 2023-இல் எண்பதுக்கும் மேற்பட்ட பொருள்களுக்கு விரித்தது. வெனிலாவின் மணமான வெனிலினும் இப்போது அதில் அடக்கம். நம் நாட்டில் 2020-ஆம் ஆண்டு அழகுப் பொருள் விதிகளின்படி, இறக்குமதியான பாட்டிலில் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் பதிவுச் சான்றிதழ் எண்ணும் இருக்க வேண்டும். பெயர்பெற்ற பாட்டிலைப் போலவே செய்த போலிகளில் இவை இல்லாமலோ, ஒட்டுத்தாளில் தாறுமாறாகவோ இருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் சொல்ல முடியாத அந்தப் பாட்டிலுக்குத்தான் நான் பயப்படுகிறேன். நல்ல செண்ட் நாளடைவில் பழுப்பேறினால் அது போலி என்று அர்த்தமில்லை. வெனிலின் அப்படித்தான் நிறம் மாறும்.

புதிதாக வாங்கியவர்கள் முழங்கையின் உட்புறத்தில் ஒரு நாணய அளவுக்கு, நாளுக்கு இருமுறை, ஒரு வாரம் போட்டுப் பாருங்கள். அரிப்போ தடிப்போ வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். கம்ராவை நானும் அப்படிப் பார்த்த பிறகே போட்டுக்கொண்டேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அது என் தோலைப் பற்றிய செய்தி மட்டுமே. தோலைத் தவிர்த்துத் துணியில் அடிப்பவர்கள் வெள்ளைச் சட்டையில் வேண்டாம். முதல் நாளே என் காலரில் ஒரு தேநீர்க் கறை விழுந்து, சலவைக்குப் போய்வந்தும் அப்படியே இருக்கிறது.

அந்தப் பெண்ணுக்கு அரிப்பு மூன்று வாரத்தில் நின்றுவிட்டது. கருமை மட்டும் மெதுவாகத்தான் வெளுக்கிறது. சென்ற முறை வந்தபோது, ஷார்ஜாவிலிருந்து தம்பி அனுப்பிய பாட்டிலைத் தூக்கிப்போட மனமில்லை என்றும், பீரோவில் புடவைகளுக்கு நடுவே மூடியைத் திறக்காமல் வைத்திருப்பதாகவும் சொன்னார். புடவையில் மணம் ஏறாதவரை வைத்துக்கொள்ளட்டும் என்றேன்.