பிடிஎஃப் கையொப்பக் கட்டத்தை அமைப்பது எப்படி?

யுஎஸ்பி டோக்கனை (கையொப்பச் சாவியைத் தாங்கிய சிறு கருவி) கணினியில் செருகி ஒரு பிடிஎஃப் கோப்பில் டிஜிட்டல் கையொப்பம் இட்டதும், பக்கத்தின் ஓரத்தில் பெயரும் தேதியுமாக ஒரு கட்டம் வந்து உட்கார்கிறது. அது வெறும் படம்தான். உண்மையான கையொப்பம் கோப்புக்குள் எண்கோவையாக இருக்கிறது. கோப்பின் மற்ற எல்லா பைட்டுகளிலிருந்தும் கணக்கிட்ட ஹாஷ் மதிப்பை (கோப்பின் கைரேகை போன்ற சுருக்க எண்) வைத்து, டோக்கனில் உள்ள தனிச்சாவி, அதாவது உங்களுக்கு மட்டுமே உரிய ரகசிய எண், அதை உருவாக்குகிறது. கட்டத்தின் படமும் அந்தப் பைட்டுகளில் அடக்கம். ஆகவே கட்டத்தில் எழுத்துப்பிழை இருந்தாலும் பிறகு திருத்த வழியில்லை. கையொப்பத்தை நீக்கிவிட்டுப் புதிதாக இட வேண்டும்.

அடோபி ரீடரில் 'பிரிஃபரன்சஸ்' திறந்து, 'சிக்னேச்சர்ஸ்' பகுதியில் 'கிரியேஷன் அண்ட் அப்பியரன்ஸ்' எதிரே உள்ள 'மோர்' பொத்தானை அழுத்துங்கள். 'அப்பியரன்சஸ்' பெட்டியில் 'நியூ' கொடுத்தால் வடிவமைப்புத் திரை வரும். பெயர், தேதி, காரணம், இடம் போன்றவற்றை அங்கே தேர்ந்தெடுக்கலாம். 'டிஸ்டிங்குவிஷ்டு நேம்' என்பதை எடுத்துவிடுங்கள். அது இருந்தால், உங்களை அடையாளம் காட்டும் டிஜிட்டல் சான்றிதழிலுள்ள நீண்ட விவரம் முழுவதும் வந்து விழுந்து, எழுத்து படிக்க முடியாத அளவுக்குச் சுருங்கிவிடும்.

கையெழுத்துப் படத்தைச் சேர்ப்பதானால் பின்புலம் நீக்கிய பிஎன்ஜி நல்லது. ஜேபெக் படத்தின் வெள்ளைப் பின்புலம் அடியில் இருக்கும் வரிகளை மறைத்துவிடும். 160 × 60 பாயிண்ட் கட்டம் (சுமார் 56 × 21 மி.மீ.) போதுமானது. அதை முழுதாக நிரப்ப, 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) தரத்தில் 667 × 250 பிக்செல் வேண்டும்.

நிரல் எழுதி நூற்றுக்கணக்கில் கையொப்பமிடுபவர்கள் இரண்டு இடங்களில் தடுக்கி விழுகிறார்கள். முதலாவது, இடம். பிடிஎஃப் ஆயங்கள் (இடத்தைக் குறிக்கும் எண்கள்) பக்கத்தின் இடது கீழ் மூலையிலிருந்து தொடங்குகின்றன. மேலிருந்து எண்ணினால் கட்டம் தலைகீழ் இடத்துக்குப் போய்விடும். இரண்டாவது, தமிழ் எழுத்து. ஹெல்வெட்டிகா போன்ற இயல்புநிலை எழுத்துருக்களில் தமிழ் கிடையாது. தமிழ் எழுத்துருவைக் கோப்பில் பதித்தாலும், எழுத்து வரிசையை மாற்றியமைக்கத் தெரியாத நிரல் நூலகமாக (பிடிஎஃப் உருவாக்கும் ஆயத்த நிரல்தொகுப்பு) இருந்தால் 'செல்வி'யின் கொம்பு சகரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். பெயரைப் படமாக்கிச் சேர்த்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

கட்டத்துக்குள் பச்சை டிக் குறி வரையவே கூடாது. அதை யார் வேண்டுமானாலும் வரையலாம். அது எதையும் நிரூபிக்காது. மஞ்சள் கேள்விக்குறி இதற்கு நேர்மாறான குழப்பம். கட்டத்தின் படத்தைப் பல அடுக்குகளாக வைக்கும் பழைய முறையில் உருவாகும் கட்டங்களில் அந்தக் குறி படத்தோடு சேர்ந்தே வருகிறது. ரீடர் கையொப்பத்தைச் சரிபார்த்ததும் அதை டிக் குறியாக மாற்றிக் காட்டும். குரோம் உலாவி சரிபார்ப்பதில்லை, அதனால் கேள்விக்குறி அப்படியே நிற்கிறது. சரியான ஆவணத்தையும் மக்கள் சந்தேகப்படுவது இதனால்தான். புதிதாக அமைப்பவர்கள் இந்த அடுக்குகளை விட்டுவிடுவதே நல்லது. கையொப்பம் செல்லுமா என்பதை ரீடரின் 'சிக்னேச்சர் பேனல்' சொல்லட்டும்.

கட்டத்தில் தெரியும் நேரத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். கையொப்பமிட்ட நேரத்துக்கு வெளியிலிருந்து சான்று தரும் நேரமுத்திரைச் சேவையை இணைக்காவிட்டால் அது கையொப்பமிட்டவரின் கணினிக் கடிகாரம் காட்டிய நேரம் மட்டுமே.

கையொப்பமிட்ட கோப்பை 'பிரின்ட் டு பிடிஎஃப்' கொடுத்து மறுபடி சேமிப்பது அலுவலகங்களில் சாதாரணமாக நடக்கிறது. கட்டம் பழையபடியே அழகாகத் தெரியும், ஆனால் பேனல் காலியாக இருக்கும், கையொப்பம் போய்விட்டது. மூலக் கோப்பையே அனுப்புங்கள். பலர் கையொப்பமிட வேண்டிய ஆவணத்தில் எல்லோருக்குமான வெற்றுக் கட்டங்களையும் முதலாமவர் கையொப்பமிடும் முன்பே வைத்துவிடுங்கள்.