தாய்–சேய் நலத்துக்குப் பழைய வண்டி: ஆர்சி முதல் ரசீது வரை

வீட்டில் சும்மா நிற்கும் பழைய காரையோ ஆம்னி வேனையோ தாய்–சேய் நலத்துக்குக் கொடுக்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, “ஆம்புலன்ஸா ஓட்டிக்கலாமே?” என்பதுதான். முடியாது. ஆம்புலன்ஸுக்கு ஏஐஎஸ்-125 என்று தனித் தர விதி இருக்கிறது. ஆர்சியிலும் (வண்டியின் பதிவுச் சான்று) ஆம்புலன்ஸ் என்றே பதிவாகியிருக்க வேண்டும். சீட்டைக் கழற்றி ஸ்ட்ரெச்சரைப் போட்டு, மேலே விளக்கு மாட்டி ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி அது அனுமதியில்லாத மாற்றம். விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரிக்க அந்த ஒரு காரணம் போதும்.

சரி, அரசு மருத்துவமனைக்கே காராகக் கொடுத்தால்? 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மத்திய மோட்டார் வாகன விதிப்படி, அரசுக்குச் சொந்தமான வண்டியின் பதிவை 15 ஆண்டுக்கு மேல் புதுப்பிக்க முடியாது. உங்கள் பெயரில் இருந்தால் எஃப்சி (தகுதிச் சான்று) காட்டி ஐந்தைந்து ஆண்டாக நீட்டிக்கலாம். அரசுக்குப் போனபின் அந்த வழி அடைபடும். 12 வயதுக் காரைக் கொடுத்தால் மூன்று ஆண்டு ஓடும், பிறகு உடைக்கத்தான். அதுவரை டிரைவரும் டீசலும் மருத்துவமனையின் தலையில்.

பிரசவப் போக்குவரத்து ஏற்கெனவே அரசு தரும் உரிமை என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2011-இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தில், வீட்டிலிருந்து அரசு மருத்துவமனைக்கும், அங்கிருந்து மேல்சிகிச்சைக்கும் (உசிலம்பட்டியிலிருந்து மதுரை ராஜாஜி மருத்துவமனைக்கு அனுப்புவது போல), பிரசவம் முடிந்து வீடு திரும்பவும் கட்டணமில்லை. ஒரு வயது வரை நோயுற்ற குழந்தைக்கும் இதே உரிமை உண்டு. அவசரத்துக்கு 108, வீடு திரும்ப 102. ஆகவே வண்டியை விற்று, பணத்தை நன்கொடையாகக் கொடுப்பதுதான் பெரும்பாலும் சரியான வழி.

வருமான வரியும் அந்தப் பக்கமே தள்ளுகிறது. 80ஜி என்ற நன்கொடை வரிச் சலுகை பணமாகக் கொடுத்ததற்கு மட்டும்தான். வண்டியாகவோ கருவியாகவோ கொடுத்தால் ஒரு ரூபாய்கூட வரிக் கழிவு கிடையாது. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தாலும் இல்லை. காசோலை, வங்கிப் பரிமாற்றம், யுபிஐ இவற்றில் எதில் கொடுத்தாலும் சலுகை உண்டு. பொதுவான அறக்கட்டளைகளுக்குக் கொடுத்ததில் பாதி கழியும், அதுவும் மொத்த வருமானத்தில் (மற்ற கழிவுகள் போக) 10 சதவீதம் என்ற வரம்புக்குள். அப்படிக் கணக்கிட்ட வருமானம் 9 லட்சம் உள்ளவர் காரை 80,000-க்கு விற்று முழுவதையும் கொடுத்தால் 40,000 கழிவு. 20 சதவீத அடுக்கில் செஸ் சேர்த்து 8,320 ரூபாய் மிச்சம். இது பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டுமே. புதிய முறையில் 80ஜி இல்லை. சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த காரை விற்ற பணத்துக்கு மூலதன ஆதாய வரி வராது. தொழில் கணக்கில் தேய்மானம் எழுதிய வண்டி என்றால் ஆடிட்டரைக் கேளுங்கள்.

இனி, பலர் மாட்டிக்கொள்ளும் இடம்: பெயர் மாற்றம். சாவியைக் கொடுத்தாயிற்று, பணமும் வாங்கியாயிற்று என்று இருந்துவிடக் கூடாது. ஆர்சியில் யார் பெயரோ அவரே உரிமையாளர். கைமாறிப் போன வண்டி விபத்தில் சிக்கினாலும் பதிவு உரிமையாளரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது. மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் விற்றவர் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவருக்கு 30 நாள். படிவம் 29 இரண்டு பிரதி, படிவம் 30, அசல் ஆர்சி, நடப்பு இன்சூரன்ஸ், புகைச் சான்று, இருவரின் அடையாள, முகவரிச் சான்று. மதுரையில் டிஎன்-58 தெற்கு, 59 வடக்கு, 64 மத்திய ஆர்டிஓ அலுவலகம். வெளிமாநிலத்துக்குப் போகும் வண்டிக்குப் படிவம் 28-இல் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும்.

வேலை நின்றுபோவது பெரும்பாலும் இரண்டு காரணத்தால். ஒன்று, கட்டாத இ-சலான் (போக்குவரத்து அபராதம்). மற்றொன்று, கடன் அடைத்துப் பல ஆண்டு ஆகியும் ஆர்சியில் ஃபைனான்ஸ் கம்பெனியின் பெயர் அப்படியே இருப்பது. படிவம் 35-உம் கம்பெனியின் என்ஓசியும் கொடுத்து ஹெச்பி (ஆர்சியில் உள்ள கடன் பதிவு) கேன்சல் செய்யாமல் பெயர் மாறாது. கம்பெனி கைமாறியோ மூடியோ போயிருந்தால் இந்தத் தாளுக்கே மாதக்கணக்கில் அலைய நேரும். விலை பேசுமுன் ஆர்சியைப் புரட்டிப் பாருங்கள்.

ஆட்டோ கன்சல்டிங்கில் (பழைய வண்டி வாங்கி விற்கும் கடை) விடுபவர்கள் வெற்றுப் படிவம் 29, 30-இல் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது ஊர் வழக்கம். அதைச் செய்யாதீர்கள். 2023 ஏப்ரல் முதல் அங்கீகாரம் பெற்ற டீலரிடம் வண்டியை ஒப்படைக்கும்போது படிவம் 29சி-யை ஆன்லைனில் பதியலாம். பதிந்ததும் அடுத்தவர் பெயருக்கு மாறும் வரை டீலரே உரிமையாளராகக் கருதப்படுவார். அங்கீகாரம் இல்லாத கடையென்றால், வாங்குபவர் யாரென்று தெரிந்த பிறகே கையெழுத்து.

வண்டி போகுமுன் ஃபாஸ்டேக்கை வங்கியில் மூடிவிடுங்கள். இல்லையென்றால் புது ஆள் கப்பலூர் டோல்கேட்டைத் தாண்டும்போதெல்லாம் உங்கள் கணக்கில் கழியும். இன்சூரன்ஸில் சேர்ந்திருக்கும் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காத ஆண்டுகளுக்கான தள்ளுபடி) உங்களுடையது, வண்டியோடு போகாது. அதற்குக் கம்பெனியிடம் கடிதம் வாங்கி வைத்தால் மூன்று ஆண்டுக்குள் வாங்கும் அடுத்த வண்டிக்குப் பயன்படும்.

ஓடாத வண்டியைப் பழைய இரும்புக் கடையில் போடாதீர்கள். இரும்பு போனாலும் ஆர்சி உயிரோடு இருக்கும், சேஸிஸ் நம்பர் வேறு வண்டியில் ஏறினால் போலீஸ் தேடி வருவது உங்களைத்தான். பதிவு பெற்ற ஸ்கிராப் நிலையத்தில் ஒப்படைத்தால், ஒப்படைத்ததற்கான டெபாசிட் சான்றிதழும், உடைத்தபின் அதற்கான சான்றிதழும் தருவார்கள். ஸ்கிராப் விலை வங்கிக்கு வரும், அதை நன்கொடையாக்கலாம்.

இறந்த அப்பாவின் பெயரில் இருக்கும் வண்டியை வாரிசுகள் நேரடியாக விற்க முடியாது. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம் ஆகியவற்றோடு படிவம் 31-இல் ஒருவர் பெயருக்கு மாற்றிய பிறகுதான் விற்பனை.

கிராமங்களுக்குப் போய்வர ஒரு ஜீப் வேண்டும் என்று தொண்டு நிறுவனமே கேட்டால் வண்டியாகவே கொடுக்கலாம், வரிச் சலுகை இல்லை அவ்வளவுதான். நிர்வாகி பெயரில் அல்ல, அறக்கட்டளை பெயரிலேயே மாற்றுங்கள். பத்திர நகல், பான், கையெழுத்திடுபவருக்கான தீர்மான நகல் கேட்பார்கள். வெள்ளை போர்டு (சொந்த உபயோக) வண்டியில் கர்ப்பிணிகளை இலவசமாக அழைத்துப் போகலாம், “டீசலுக்கு மட்டும்” என்று வாங்கினாலும் அது வாடகை ஓட்டம்.

பணம் கொடுக்குமுன் அந்த நிறுவனத்தின் 80ஜி பதிவு நடப்பில் உள்ளதா என்று வருமான வரித் துறைத் தளத்தில் பாருங்கள். எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்பதை (பச்சிளங்குழந்தைப் பிரிவு, கர்ப்பிணிகளுக்கான பரிசோதனை) கடிதத்தில் எழுதி, ரசீதிலும் அதையே போடச் சொல்லுங்கள். வெறும் ரசீதை வைத்துக் கழிவு கேட்க முடியாது. நிறுவனம் உங்கள் பான் எண்ணோடு துறைக்குக் கணக்குக் காட்டி, அங்கிருந்து இறக்கித் தரும் சான்றிதழ்தான் செல்லும்.