வெடித்த ரொக்கெட்டுக்கு எதற்குக் கைதட்டல்?

ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ராட்சத ரொக்கெட்டான ஸ்டார்ஷிப் பறக்கும் நாளில் யாழ்ப்பாணத்திலும் சிலருக்கு நித்திரை கெடும். அதை ஏவுகிற ரெக்சாஸில் பின்னேரம் ஆறரை என்றால் எங்களுக்கு அடுத்த நாள் விடியற்காலை ஐந்து மணி. 2025 ஓகஸ்டில் பத்தாவது பறப்பு அப்படித்தான் நடந்தது, ரியூசனுக்குச் சைக்கிளை வெளியே எடுத்த பெடியள் ஒரு காலை ஊன்றிக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரம். நான் வழக்கமாகப் பார்ப்பது திருநெல்வேலியில் கம்பஸ் பெடியள் வாடகைக்கு இருக்கிற வீட்டில். வீட்டுக்கார ஐயாவும் இடைக்கிடை எட்டிப் பார்ப்பார். பழைய பறப்புகளின் வீடியோவைப் போட்டால் அவர் கேட்பது ஒன்றுதான்: "தம்பி, உது வெடிச்சுப் போச்செல்லே, பிறகேன் உவங்கள் கை தட்டுறாங்கள்?"

நியாயமான கேள்வி. ஆனால் ஒவ்வொரு சத்தத்துக்கும் காரணம் வேறு, ஒரு பறப்பை அடியிலிருந்து பார்த்துக்கொண்டு போனால்தான் எந்த இடத்தில் ஏன் கத்துகிறார்கள் என்று விளங்கும்.

முதலில் திரையின் கீழ் மூலையைப் பாருங்கள், அங்கே சின்னச் சின்ன வட்டங்கள் இருக்கும். ரொக்கெட்டின் கீழ்ப்பகுதியான பூஸ்டரின் அடியில் உள்ள 33 ராப்டர் எஞ்சின்கள் அவை: நடுவில் 3, அதைச் சுற்றி 10, வெளியே 20. எரிகிற எஞ்சின் வெள்ளையாகத் தெரியும், நின்றுபோனது இருண்டுவிடும். பழகிய ரசிகர்கள் ரொக்கெட்டைப் பார்ப்பதைவிட இந்த வட்டங்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு எஞ்சின் வெடித்தால் பக்கத்தில் இருப்பதையும் உடைக்கும், எல்லாவற்றுக்கும் மெதேனும் திரவ ஒட்சிசனும் ஒரே தொட்டிகளிலிருந்துதான் வருகின்றன, ஒரு பக்கத்தில் நாலைந்து நின்றுவிட்டால் மறுபக்க விசை கூடி ரொக்கெட் சரியப் பார்க்கும். சோவியத் ஒன்றியம் 30 எஞ்சின் வைத்து என்1 என்ற ரொக்கெட்டை 1969க்கும் 1972க்கும் இடையில் நான்கு தடவை ஏவியது. ஒன்றுகூட முதற்கட்டத்தை முடிக்கவில்லை, இரண்டாவது ரொக்கெட் திரும்ப ஏவுதளத்தின் மேலேயே விழுந்து எல்லாவற்றையும் நாசமாக்கியது. அந்தக் கதை தெரிந்தவர்கள், 2023 ஏப்ரல் 20 அன்று முதல் ஸ்டார்ஷிப் கோபுரத்தைத் தாண்டியதும் துள்ளிக் குதித்ததில் ஆச்சரியமில்லை. மூன்று எஞ்சின் தொடக்கத்திலேயே இயங்கவில்லை, போகப்போக இன்னும் சில நின்றன, 39 கிலோமீற்றர் உயரம்வரை போய்ச் சுழன்று நான்கு நிமிடத்தில் வெடித்தது. ஐயா பார்த்தது கடைசிக் காட்சியை, பெடியள் கைதட்டியது முதல் பத்து விநாடிக்கு.

ஆனால் எல்லாவற்றையும் "பாடம்" என்று சொல்லி முடிப்பது எனக்கு ஒப்பில்லை. அதே பறப்பில் ஏவுதளத்தின் கொங்கிறீற் பெயர்ந்து துண்டு துண்டாகக் கடல்வரை பறந்தது, தூசி கிலோமீற்றர் கணக்கில் போய் அடுத்த ஊரில் படிந்தது. நெருப்பைத் திருப்பிவிட ஒரு பள்ளம் வேண்டும் என்பது சந்திரனுக்கு ஆட்களை அனுப்பிய சட்டர்ன் 5 ரொக்கெட்டின் காலத்திலேயே, 1960களிலேயே தெரிந்த விஷயம். ஸ்டார்ஷிப்பின் உந்துவிசையோ அதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. பறந்துதான் அதைப் படிக்கவேண்டும் என்றில்லை. பிறகு தண்ணீர் பீறிடும் உருக்குத் தகடு ஒன்றை அடியில் போட்டார்கள், தளம் தப்பியது.

பறந்து பார்த்தால்தான் தெரியும் என்ற வகை வேறு. அதே ஆண்டு நவம்பர் 18, இரண்டாவது பறப்பு: 33 வட்டமும் கடைசிவரை வெள்ளை. அப்புறம் இரண்டு பகுதியும் பிரிகிற இடம். எஞ்சின்கள் எல்லாவற்றையும் நிறுத்தினால் தள்ளுவதற்கு விசை இல்லை, தொட்டிக்குள் இருக்கும் திரவம் அடியை விட்டு மிதக்கத் தொடங்கும், எஞ்சினுக்குப் போகும் குழாயில் திரவத்துக்குப் பதில் வாயு நுழையும், வேகமாகச் சுழலும் பம்பி அதில் உடைந்துவிடும். அதனால் பூஸ்டரில் மூன்று எஞ்சினை எரியவிட்டபடியே மேலே உள்ள கப்பலின் ஆறு எஞ்சினையும் பற்றவைக்கிறார்கள், அந்த நெருப்பு நடுவில் உள்ள வளையத்தின் ஓட்டைகளால் வெளியே போகிறது. பார்ப்பவருக்கு ஒன்றின் தலையில் மற்றது நெருப்பை ஊதுவதுபோல இருக்கும், அந்தத் தடவை பிரிவு சுத்தமாக நடந்தது. ஆனால் பூஸ்டர் திரும்பிப் பல எஞ்சின்களை மறுபடி மூட்டும்போது ஒவ்வொன்றாக நின்று வெடித்தது. திரவ ஒட்சிசன் வடிகட்டி அடைபட்டதுதான் பெரும்பாலும் காரணம் என்று ஸ்பேஸ்எக்ஸ் பின்னர் சொன்னது. நூற்றுக்கணக்கான தொன் குளிர்திரவம் எடையில்லாமல் அலையும்போது எப்படி நடந்துகொள்ளும் என்பதைத் தரையில் முழுதாகச் சோதிக்க வழியில்லை. புவியீர்ப்பை நிறுத்தி வைக்க ஆய்வுகூடம் எங்கே இருக்கிறது?

என்னைக் கேட்டால் எல்லாப் பறப்பிலும் பெரிய காட்சி நான்காவது, 2024 ஜூன் 6. கப்பல் மணிக்கு 26,000 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் வளிமண்டலத்துக்குள் இறங்குகிறது. விநாடிக்கு 7.4 கிலோமீற்றர் என்று வைத்து ஏ.எல் பிள்ளைகள் இயக்கசக்தியைக் கணித்துப் பாருங்கள்: ஒவ்வொரு கிலோகிராமுக்கும் ஏறத்தாழ 27 மெகாயூல், அதே எடை ரி.என்.ரி வெடிமருந்தில் இருப்பதைப்போல ஆறு மடங்குக்கும் மேல். இவ்வளவையும் எங்காவது இறக்கிவைக்க வேண்டும், பிரேக் பிடிக்க எரிபொருள் கிடையாது, வளியில்தான் கொட்டவேண்டும்.

வளியோடு உரசிச் சூடாகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உராய்வும் உண்டு, ஆனால் பெரும்பங்கு வளி நசுங்குவதால் வருவது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடி சுடுமே, அதே பௌதிகவியல்தான்: விலகிப்போக நேரம் கிடைக்காத வளி முன்னால் குவிந்து, அமுக்கம் ஏறி, வெப்பநிலை ஆயிரக்கணக்கான பாகைக்குப் போய், மூலக்கூறுகள் உடைந்து இலத்திரன்கள் பிரிந்து பிளாஸ்மா ஆகிறது. திரையில் தெரியும் ஊதாவும் செம்மஞ்சளுமான ஒளி அதுதான். இந்தப் பிளாஸ்மா வானொலி அலைகளை மறிக்கும், அதனால் அப்பலோ வீரர்கள் இறங்கும்போது சில நிமிடம் தொடர்பே இருக்காது. ஸ்டார்ஷிப் பெரியது, அதன் முதுகுப் பக்கம் பிளாஸ்மா மெலிது, அந்த வழியாக மேலே உள்ள ஸ்பேஸ்எக்ஸின் ஸ்டார்லிங்க் இணையச் செய்மதிகளுக்குப் படம் போகிறது. எரிந்துகொண்டு இறங்கும் கப்பலை நேரடியாகப் பார்க்கமுடிவது அதனால்தான்.

அன்றைக்கு நாங்கள் பார்த்தது முன்பக்கச் செட்டை ஒன்று கரைவதை. செட்டை உடலோடு சேரும் கீலில் சிறு இடைவெளி, அதற்குள் சூடான வாயு நுழைந்துவிட்டது. முதலில் ஓரம் சிவந்தது, பிறகு பொறி பறந்தது, துண்டுகள் கழன்றன, கமராவின் கண்ணாடி வெடித்து அரைவாசிப் படம் மறைந்தது. அந்த வீட்டில் ஒருத்தரும் கதைக்கவில்லை. பிறகு, எல்லாம் முடிந்தது என்று நினைத்திருந்த நேரம், அந்த அரைகுறைச் செட்டை அசைந்தது, கடலுக்கு மேலே கப்பலை நிமிர்த்த உதவியது, கப்பல் இந்து சமுத்திரத்தில் மெதுவாக இறங்கியது. பெடியள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைக்கத் தொடங்கிவிட்டது.

அது தப்பியதற்குக் காரணம் உருக்கு. 2003இல் கொலம்பியா விண்ணோடம் இறக்கையின் முன்விளிம்பில் இருந்த ஓட்டையால் சூடான வாயு புகுந்து சிதைந்தது, கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் போனார்கள். அதன் உள்கட்டமைப்பு அலுமினியம், 660 பாகையில் உருகிவிடும். கறையில்லா உருக்கு 1,400 பாகை அளவில்தான் உருகும். பாரம் கூடிய உலோகத்தை எதற்கு எடுத்தார்கள் என்று முன்பு சிரித்தவர்கள் உண்டு. அடுத்த தலைமுறைக் கப்பலில் முன் செட்டைகளைச் சூடு குறைந்த பக்கமாகத் தள்ளி வைத்தார்கள்.

கோபுரம் பூஸ்டரைக் கையால் பிடித்த ஐந்தாவது பறப்பை எல்லாரும் பார்த்திருப்பீர்கள், 2024 ஒக்ரோபர் 13, எங்களுக்கு ஞாயிறு பின்னேரம் ஆறு மணி. அதற்கு இங்கே நீட்டி விளக்கம் தேவையில்லை: பூஸ்டருக்குத் தரையிறங்கும் கால் வைத்தால் அந்தக் காலையும் ஒவ்வொரு தடவையும் மேலே சுமக்கவேண்டும், காலைத் தரையிலேயே விட்டுவிட்டால் அந்த எடை மிச்சம்.

அதற்குப் பிறகு ரசிகர்களுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. 2025 ஜனவரியில் ஏழாவது பறப்பின் கப்பல் கரீபியனுக்கு மேலே சிதறியபோது, வானத்தில் சிதறிய துண்டுகளின் அழகைப் பற்றித்தான் கதை. அந்த நேரம் விமானங்கள் வழிமாற்றப்பட்டன, துண்டுகள் டர்க்ஸ் அன்ட் கைக்கோஸ் தீவுகளில் விழுந்தன. அங்கே இருப்பவர்களுக்கு அது வாணவேடிக்கை இல்லை.

கடலில் இறங்குகிற கப்பலைக் காரைநகர் கசூரினாவில் நின்றால் பார்க்கலாமா என்று எங்கள் வீட்டிலேயே கேட்டார்கள். இல்லை, அது இறங்குவது அவுஸ்திரேலியாவுக்கு மேற்குப் பக்கம், இங்கிருந்து பல ஆயிரம் கிலோமீற்றர். அந்த இடமும் வேண்டுமென்றே எடுத்தது. இந்தச் சோதனைகளில் வேகத்தைச் சுற்றுப்பாதைக்குச் சற்றுக் குறைவாகவே வைத்திருந்தார்கள், எஞ்சின் இயங்காவிட்டாலும் கப்பல் தானாக அங்கேதான் விழும். சுற்றுப்பாதைக்குப் போய்விட்டால் அந்தப் பாதுகாப்பு இல்லை, விண்வெளியில் எஞ்சினை மறுபடி மூட்டித்தான் இறக்கவேண்டும்.

2024 நவம்பரில் ஆறாவது பறப்பில் ஒரே ஒரு ராப்டரைச் சில விநாடிகள் மட்டும் அப்படி மூட்டிக் காட்டினார்கள். படத்தில் பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு சின்ன வெளிச்சம். ஐயா அதைப் பார்த்துவிட்டு "இதுக்குமோ?" என்றார். நான் ஒரு பழைய கதையைச் சொன்னேன்: 2021 மே மாதம் சீனாவின் லோங் மார்ச் 5பி ரொக்கெட்டின் 20 தொன் அளவான பகுதி ஒன்று, கட்டுப்படுத்தி இறக்க வழியில்லாமல் பூமியைச் சுற்றிச் சுற்றி வந்து, எங்கே விழும் என்று உலகமே பார்த்துக்கொண்டிருக்க, கடைசியில் மாலைதீவுக்குப் பக்கத்தில் விழுந்தது. ஸ்டார்ஷிப் கப்பல் வெறுமையாக இருக்கும்போதே நூறு தொன் அளவில் வரும் என்று சொன்னேன். ஐயா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்த வீடியோவைத் திரும்பப் போடச் சொன்னார்.