இழுக்காத வண்டியும் இறுகிய டிஸ்க் பிரேக்கும்

பிரேக் பிடிக்கவில்லை என்று பட்டறைக்கு வருபவர்களைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை. ஆபத்து தெரிந்து மெதுவாக ஓட்டி வருகிறார்கள். “வண்டி இழுக்க மாட்டேங்குது, மைலேஜும் போச்சு, கார்புரேட்டரைப் பாருங்கண்ணே” என்று வருபவர்களைப் பார்த்தால்தான் பயம். பத்து வருடம் ஓடிய வண்டி என்றால் முதலில் மெயின் ஸ்டாண்ட் போட்டு, முன்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்ப்பேன். பல வண்டிகளில் அரைச் சுற்றுக்கூட வராது. பிரேக் லிவரை விட்ட பிறகும் பிரேக் பேட் டிஸ்க்கைக் கவ்விக்கொண்டே இருக்கும்.

இப்படி இறுகிய பிரேக் ஓட ஓடச் சூடாகும். சூட்டில் பிரேக் ஆயில் விரிந்து இன்னும் இறுக்கும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் என்பதால் பழைய ஆயிலில் தண்ணீர் கலந்தே இருக்கும். புது டாட் 4 (டாட் என்பது பிரேக் ஆயிலின் தரக் குறியீடு) ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது, சுமார் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் அந்த வரம்பு 155 டிகிரிதான். டாட் 3 ஆயிலுக்கு இவை 205, 140. கொதித்து ஆவியாகிவிட்டால் லிவர் ஹேண்டில்பார் வரை வந்து ஒட்டும், பிரேக் கொஞ்சமும் பிடிக்காது. மலை இறக்கத்தில் இது நடந்தால் தப்பிப்பது கஷ்டம்.

கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க எல்லாவற்றையும் பிரிக்க வேண்டாம். சக்கரம் இறுகி நிற்கும்போதே, மேலே மாஸ்டர் சிலிண்டரில் (லிவரை அமுக்கினால் ஆயிலைத் தள்ளும் பகுதி) ஓஸ் (ஆயில் போகும் குழாய்) சேரும் போல்ட்டைத் துணி சுற்றி லேசாகத் தளர்த்துங்கள். ஆயில் பெயின்ட்டைத் தின்றுவிடும், டேங்கை மூடிக்கொள்ளுங்கள். சக்கரம் விடுபட்டால் கோளாறு மாஸ்டரில். விடுபடவில்லையா, கீழே காலிப்பரில் (பேட்டை டிஸ்க்கில் அமுக்கும் பகுதி) ஏர் எடுக்கும் நிப்பிளைத் தளர்த்துங்கள். இப்போது விடுபட்டால் ஓஸ். வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ரப்பர் ஊதி வழியை அடைத்திருக்கும். அதற்கும் அசையாவிட்டால் காலிப்பர் பிஸ்டனில் துரு, அல்லது காலிப்பர் நகரும் பின்னில் கிரீஸ் காய்ந்திருக்கிறது.

பழைய வண்டிகளில் நான் அதிகம் பார்ப்பது மாஸ்டர் கோளாறுதான். மாஸ்டருக்கு மேலுள்ள ஆயில் டப்பாவின் அடியில் இரண்டு ஓட்டைகள் உண்டு. அதில் சின்னது குண்டூசி முனை அளவுதான் இருக்கும். லிவரை விட்டதும் அழுத்தம் இறங்குவது அந்த வழியாகத்தான். பழைய ஆயிலின் கசடு அதை அடைத்துவிட்டால் பிரேக் விடாது. மூடியைத் திறந்து, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு லிவரை மெல்ல அமுக்கினால், அந்த ஓட்டைக்கு மேலே ஆயில் சின்னதாகக் கொப்பளிக்க வேண்டும். கொப்பளிக்கவில்லை என்றால் அடைப்பு. வயரில் இருந்து ஒற்றைச் செம்பு இழையை எடுத்துக் குத்திப் பார்க்கலாம். ஊசி, ஆணி வேண்டாம், ஓட்டை பெரிதாகிவிடும். அடைப்பு எடுத்தாலும் மாஸ்டரைப் பிரித்துக் கழுவி, புது ரப்பர் கிட் போட்டால்தான் வேலை முழுமை. வண்டி விழுந்து டூப்ளிகேட் லிவர் மாட்டியிருந்தால் அதையும் பாருங்கள். துளியும் ஆட்டம் இல்லாமல் அது மாஸ்டர் பிஸ்டனைத் தள்ளிக்கொண்டே இருந்தால் அந்த ஓட்டை மூடியே கிடக்கும்.

மற்ற கோளாறுகளை லிவரே சொல்லிவிடும். பஞ்சு மாதிரி அமுங்கினால் ஆயிலில் ஏர் இருக்கிறது. அமுக்கிப் பிடித்திருக்கும்போதே மெல்ல இறங்கினால், வெளியே கசிவும் இல்லையென்றால், மாஸ்டர் ரப்பர் தேய்ந்திருக்கிறது. லிவர் கல்லாக இருந்தும் வண்டி நிற்காவிட்டால் பேட்டில் எண்ணெய் பட்டிருக்கலாம், அல்லது காலிப்பர் பிஸ்டன் சிக்கியிருக்கலாம். டப்பாவில் ஆயில் குறைந்தால் உடனே ஊற்றாதீர்கள். பேட் தேய்ந்தாலும் மட்டம் இறங்கும்.

அப்புறம், அவசரத்துக்கு இன்ஜின் ஆயில் ஊற்றுவது. தயவுசெய்து செய்யாதீர்கள். ரப்பர் எல்லாம் ஊதி, மாஸ்டர் முதல் காலிப்பர் வரை மொத்தமும் மாற்ற வேண்டி வரும். மூடியில் போட்டிருக்கும் டாட் எண்ணைப் பார்த்து, சீல் உடைக்காத புது பாட்டில் வாங்குங்கள். பாதி மீந்து மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்ததை யார் ஊற்ற வந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஆயிலை மாற்றுங்கள். டப்பாவின் கண்ணாடி வழியாக ஆயில் காப்பி நிறத்தில் தெரிந்தால் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம்.