திரிபு: எக்கோ அறிக்கையில் வரும் 'ஸ்ட்ரெய்ன்'

ஒலியலையால் இதயத்தைப் படமெடுக்கும் எக்கோ சோதனையின் அறிக்கையோடு இப்போதெல்லாம் ஒரு வட்டப் படமும் வருகிறது. வட்டத்துக்குள் வட்டமாகப் பெரும்பாலும் 17 கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஓர் எண், எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி. அடியில் 'ஜி.எல்.எஸ். −19%' என்று இருக்கும். 'குளோபல் லாங்கிடியூடினல் ஸ்ட்ரெய்ன்' என்பதன் சுருக்கம் அது; அதிலுள்ள 'எஸ்' தான் ஸ்ட்ரெய்ன். அதைப் படித்துவிட்டு, 'இதயத்துக்கு ஸ்ட்ரெய்ன் ஆகிவிட்டதாம்' என்று கலங்குகிறவர்கள் உண்டு. இந்த இடத்தில் அச்சொல்லுக்குக் களைப்பு என்றோ பளு என்றோ பொருள் இல்லை. (ஈ.சி.ஜி.யில் எழுதும் 'ஸ்ட்ரெய்ன்' வேறு. அது பளுவைக் குறிப்பதுதான். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

ஒரு பொருளின் நீளம், அதன் முந்தைய நீளத்தில் எத்தனை பங்கு மாறியது என்பதே ஸ்ட்ரெய்ன். ரத்தம் நிரம்பி விரிந்திருக்கும்போது 10 மில்லிமீட்டர் இருந்த தசைத்துண்டு, சுருங்கியதும் 8 மில்லிமீட்டர் ஆனால் அது −20%. கழித்தல் குறி குறைபாட்டைச் சொல்லவில்லை, நீளம் குறைந்ததைச் சொல்கிறது. இதயத்தசை சுருங்கத்தானே வேண்டும்! நலமான இடது கீழறையில் நீளவாட்டில் இந்த எண் ஏறத்தாழ −20% இருக்கும். −10% என்றால் கவலைதான்.

சொல்லின் வேர் லத்தீனில் 'இறுக்கு, இழுத்துக் கட்டு' என்ற பொருளுள்ள வினை. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. 1850களில் ஸ்காட்லாந்துப் பொறியாளர் ராங்கின்தான் அதற்கு இன்றைய துல்லியத்தைக் கொடுத்தார்: விசை தரும் நெருக்கம் ஸ்ட்ரெஸ், அதனால் வடிவில் வரும் மாற்றம் ஸ்ட்ரெய்ன். கிருமிகளின் வகையைக் குறிக்கும் ஸ்ட்ரெய்ன் எழுத்தில் ஒன்று, பிறப்பில் வேறு. அது 'ஈட்டம், வழித்தோன்றல்' என்று பொருள்பட்ட பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது.

தமிழ்நாட்டு இயற்பியல் பாடநூல்கள் ஸ்ட்ரெஸ்ஸைத் தகைவு என்றும் ஸ்ட்ரெய்னைத் திரிபு என்றும் எழுதுகின்றன. இலங்கையில் தகைப்பு, விகாரம். திரிபு, விகாரம் இரண்டுமே நம் இலக்கணத்தில் புழங்கும் சொற்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. சொற்கள் புணரும்போது வரும் திரிபுகளைத் தொல்காப்பியம் மூன்றாக வகுக்கிறது: மெய்பிறிதாதல், மிகுதல், குன்றல். பொன்னும் குடமும் பொற்குடம் ஆவது முதல் வகை. வாழையும் பழமும் வாழைப்பழம் ஆகும்போது ஓர் எழுத்து மிகுகிறது. மரமும் வேரும் மரவேர் ஆகும்போது ஓர் எழுத்து குன்றுகிறது.

இனி இதயச் சுவரைப் பாருங்கள். சுருங்கும்போது அது நீளவாட்டில் குன்றுகிறது, சுற்றளவில் குன்றுகிறது, தடிப்பில் மிகுகிறது. எஞ்சிய வகையும் உண்டு. உள்தசை இழைகள் ஒரு பக்கம் சாய்ந்தும் வெளியிழைகள் எதிர்ப்பக்கம் சாய்ந்தும் ஓடுவதால், ஈரத்துணியைப் பிழிவதுபோல இதயம் முறுக்கிக்கொள்கிறது. நுனியின் பக்கமிருந்து பார்த்தால் நுனி இடஞ்சுழியாகவும் மேற்பகுதி வலஞ்சுழியாகவும் திரும்பும். அப்போது சுவரில் வரைந்த ஒரு சதுரம் சாய்ந்து இணைகரமாகும். அதை மெய்பிறிதாதல் என்றே சொல்லலாம். கயிறு திரிக்கிறோம், விளக்குக்குத் திரி திரிக்கிறோம். முறுக்குதலும் 'திரி' என்ற வேரிலேயே இருக்கிறது. இத்தனை பொருத்தமான சொல் கையில் இருக்கும்போது 'அழுத்தம்', 'சிரமம்' என்று மொழிபெயர்ப்பது பிழை.

சுவரில் சதுரம் வரைவது வெறும் கற்பனையும் இல்லை. 1988இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் எலியாஸ் ஜெர்ஹூனி குழுவினர் எம்.ஆர்.ஐ. படத்தில் இதயத் தசைமீதே கருங்கோடுகள் விழச் செய்தார்கள். அடுத்த ஆண்டே லியோன் ஆக்செல், டோஹர்ட்டி இருவரும் கோடுகளை விரைவாகப் போடும் வழியைத் தந்தார்கள். மின்காந்த அலையால் போட்ட அந்தக் கோடுகள் தசையோடு சேர்ந்தே வளையும். வளைவை அளந்தால் திரிபு கிடைக்கும். எக்கோவில் கோடு போட வேண்டியதில்லை. படத்தில் இயல்பாகவே தெரியும் மணல்போன்ற புள்ளிக்கோலம்தான் அங்கே அடையாளம். ஒரு சிறு கட்டத்துக்குள் இருக்கும் புள்ளிகளை, அடுத்த படச்சட்டத்தில் எங்கே நகர்ந்திருக்கின்றன என்று மென்பொருள் தேடிப் பிடிக்கிறது. நொடிக்கு 50 முதல் 80 படங்கள் வரை இப்படித் தொடர்ந்து, சுவர் முழுவதற்கும் அசையும் வலை மாதிரியொன்றைக் கட்டிவிடுகிறது.

சுவர் அசைவதைக் கண்ணாலேயே பார்க்கலாமே, திரிபு எதற்கு? தேர் வடம் பிடிக்கும் கூட்டத்தில், இழுக்காமல் கையை மட்டும் வைத்திருப்பவரும் மற்றவர்களோடு நகர்ந்துகொண்டுதான் இருப்பார். மாரடைப்பில் செத்துப்போன தசையும் அப்படித்தான், பக்கத்துத் தசை இழுக்க அசையும்; ஆனால் தான் சுருங்காது. அசைவைக் கொண்டு பார்த்தால் அது தப்பிவிடும், திரிபைக் கொண்டு பார்த்தால் சிக்கிவிடும். புற்றுநோய்க்கு ஆந்த்ராசைக்ளின் போன்ற மருந்து எடுப்பவர்களிடம், இதயம் வெளியேற்றும் ரத்தத்தின் விகிதம் இயல்பாக இருக்கும்போதே திரிபு குறையத் தொடங்குவதுண்டு. சிகிச்சைக்கு முன் இருந்ததில் 15 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தால் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்கிறார்கள்.

ஒரு தடை இருக்கிறது. பேச்சுத் தமிழில் 'திரிந்தது' என்றால் பால் கெட்டது; செய்தியில் 'திரிபு' என்றால் வரலாற்றுப் புரட்டு, அல்லது கொரோனாவின் புதிய வகை. 'உங்கள் இதயத்தில் திரிபு 19' என்று நேருக்கு நேர் சொன்னால் யாருக்கும் பகீரென்றுதான் இருக்கும். எனவே நோயாளியிடம் பேசும்போது 'சுருங்கும் அளவு' போதும், கழித்தல் குறியும் வேண்டாம். எழுத்தில் திரிபே நிற்கட்டும்: நீளவாட்டுத் திரிபு, சுற்றுத் திரிபு, தடிப்புத் திரிபு. அந்த அறிக்கை வரியை நான் தமிழில் எழுதினால் இப்படித்தான் எழுதுவேன்: 'இடது கீழறையின் முழு நீளவாட்டுத் திரிபு −19%. சுவரின் எல்லாப் பகுதிகளும் சீராகச் சுருங்குகின்றன.'