இன்டரப்ட் வந்துவிட்டது, டேட்டா வந்து சேர்ந்ததா?

நெட்வொர்க் கார்டு பாக்கெட்டை மெமரியில் எழுதிவிட்டு இன்டரப்ட் (சிபியுவைக் கூப்பிடும் சிக்னல்) கொடுக்கிறது. கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர், பாக்கெட்டுக்கு ஒதுக்கிய மெமரி இடமான பஃபரைத் திறந்தால், உள்ளே பழைய பாக்கெட்டின் மிச்சம். லோடு ஏறும்போது மட்டும், எப்போதாவது இப்படி நடக்கும். டீபக் செய்ய ஒரு பிரிண்ட் வரி சேர்த்தால் காணாமல் போய்விடும். கார்டையே மாற்றிப் பார்ப்பவர்கள் உண்டு. பெரும்பாலும் பழுது கார்டில் இல்லை, எது முன், எது பின் வந்து சேர்கிறது என்ற வரிசையில் இருக்கிறது.

பழைய பிசிஐ பஸ்ஸில் (கார்டுகளைச் சிபியுவோடும் மெமரியோடும் இணைக்கும் பாதை) இன்டரப்டுக்குத் தனிக் கம்பி. டேட்டாவோ வழியிலுள்ள பிரிட்ஜ்களின் பஃபர்களில் நின்று நின்றுதான் மெமரிக்குப் போகும். எழுதிய சாதனம் பதிலுக்குக் காத்திருக்காது. இதைத்தான் 'போஸ்டட் ரைட்' என்கிறோம். கடைசிச் சில பைட்டுகள் பிரிட்ஜில் இருக்கும்போதே கம்பி வழியாகச் சிக்னல் சிபியுவை எட்டிவிடும். அதனால்தான் இன்டரப்ட் வந்ததும் ஓடும் டிரைவர் பகுதியான ஹேண்ட்லரின் தொடக்கத்தில், சாதனத்தின் நிலையைச் சொல்லும் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரைப் படிக்கிறோம். அந்த ரீடுக்கு வரும் பதில், முன்னால் போகும் ரைட்டுகளை முந்தக் கூடாது என்பது பஸ்ஸின் விதி. பதில் கைக்கு வந்தால் டேட்டாவும் வந்துவிட்டது என்று பொருள். 'வேகத்தைக் குறைக்கிறதே' என்று அந்த ஒரு வரியை நீக்காதீர்கள்.

1998-ல் வந்த பிசிஐ 2.2, எம்எஸ்ஐ (மெசேஜ் சிக்னல்டு இன்டரப்ட்) முறையைக் கொண்டுவந்தது. அதில் இன்டரப்டே ஒரு மெமரி ரைட்தான். டேட்டா போன பாதையிலேயே அதன் பின்னால் போவதால் முந்த வழியில்லை. பிசிஐ எக்ஸ்பிரஸில் இரண்டு நிபந்தனைகள்: டேட்டாவும் இன்டரப்டும் ஒரே டிராஃபிக் கிளாஸில் (முன்னுரிமை வகுப்பு) போக வேண்டும், 'ரிலாக்ஸ்டு ஆர்டரிங்' (முந்திப்போக அனுமதி) பிட்டைப் பாக்கெட் டேட்டாவுக்கு மட்டும் வைக்கலாம், டிஸ்கிரிப்டரின் (பஃபரின் முகவரி, நீளம், நிலை கொண்ட பதிவு) ஸ்டேட்டஸுக்கோ எம்எஸ்ஐக்கோ கூடாது.

எம்எஸ்ஐ இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பவர்கள் தடுக்கி விழும் இடம் அடுத்தது. ஓர் இன்டரப்ட், தனக்கு முன் எழுதப்பட்டவற்றுக்கு மட்டுமே பொறுப்பு. ஹேண்ட்லரின் லூப்போ டிஸ்கிரிப்டர்களின் வட்ட வரிசையான ரிங்கில் மேலும் மேலும் போய்க்கொண்டே இருக்கும். அங்கே கார்டு அந்த நொடியில் எழுதிக்கொண்டிருக்கிறது. கார்டு டிஸ்கிரிப்டரில் வைக்கும் 'முடிந்தது' பிட்டைப் பார்த்த பிறகு பாக்கெட்டின் நீளத்தைப் படிப்பதாக நாம் எழுதுகிறோம். ஆனால் ஆர்ம் சிபியு நீளத்தை முன்கூட்டியே படித்து வைத்திருக்கலாம். பிட் புதியது, நீளம் பழையது. இரண்டுக்கும் நடுவில் ஒரு ரீடு பேரியர் (முதல் ரீடு முடியும் முன் அடுத்ததைப் படிக்கவிடாத தடை; லினக்ஸில் டிஎம்ஏ ஆர்எம்பி) கட்டாயம். எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி) சிபியுவில் அது கம்பைலருக்கான தடை மட்டுமே. விடுபட்டாலும் பெரும்பாலும் வெளியே தெரியாது; ஆண்டுக்கணக்கில் ஓடிய டிரைவர் ஆர்முக்குப் போனதும் படுத்துவிடும்.

அனுப்பும்போதும் அப்படியே: டிஸ்கிரிப்டரை நிரப்பி, ரைட் பேரியர் போட்டு, பிறகே உரிமைப் பிட்டைக் கார்டுக்கு மாற்றி, கடைசியாக, வேலை இருக்கிறது என்று கார்டுக்குச் சொல்லும் டோர்பெல் ரெஜிஸ்டரில் எழுத வேண்டும்.

எம்எஸ்ஐயில் முதலில் ஸ்டேட்டஸை அழித்துவிட்டுப் பிறகு ரிங்கைப் பாருங்கள். மாற்றிச் செய்தால், இடையில் வந்த பாக்கெட்டின் சேதியும் சேர்ந்து அழிந்து, அடுத்த இன்டரப்ட் வரும்வரை அது ரிங்கிலேயே கிடக்கும். கம்பி முறையில் சிக்கல் வேறு: ஸ்டேட்டஸை அழிக்கும் ரைட்டும் போஸ்டட்தான். அது சாதனத்தை எட்டும் முன் ஹேண்ட்லர் திரும்பினால் கம்பியில் சிக்னல் இன்னும் நின்றுகொண்டே இருக்கும், இன்டரப்ட் மறுபடி வரும், வேலை எதுவும் இருக்காது. இப்படி 1,00,000-ல் 99,900-க்கு மேல் எந்த டிரைவராலும் உரிமை கோரப்படாமல் போனால் லினக்ஸ் அந்த இன்டரப்டையே மூடிவிடும். எழுதியதும் சாதனத்தின் ஒரு ரெஜிஸ்டரைப் படித்துவிட்டால் போதும். படித்தாலே அழியும் ரெஜிஸ்டராக அது இருக்கக் கூடாது.

பிழையைப் பிடிக்க, பஃபரைக் கார்டிடம் கொடுக்கும் முன் தெரிந்த ஒரு பேட்டர்னால் நிரப்புங்கள். கேஷ் கோஹெரன்ட் இல்லாத (கார்டு எழுதுவது சிபியுவின் கேஷுக்குத் தானாகத் தெரியாத) போர்டில் அதை மெமரிவரை ஃபிளஷ் செய்யுங்கள். 'முடிந்தது' பிட்டுக்குப் பிறகும் பேட்டர்ன் தெரிந்தால், சில மைக்ரோ விநாடி கழித்து மறுபடி படியுங்கள். இப்போது டேட்டா சரியாக இருந்தால் வரிசைக் கோளாறு. அப்போதும் பேட்டர்னே இருந்தால் கேஷ் சின்க் விடுபட்டிருக்கும், அல்லது கார்டு அந்த முகவரியில் எழுதவே இல்லை.